ஒன்பதாவது சிப்

பிப்ரவரி 3

தம்பி,

பெட்டியைப் பிரித்ததும் முதலில் இந்தக் கடிதத்தைப் படி, அப்புறம் மெஷினைத் தொடு. உன் பழக்கம் எனக்குத் தெரியும். கழற்றிப் போட்ட பிறகுதான் என்ன கோளாறு என்றே கேட்பாய். வீட்டில் உனக்குத் 'திருப்புளி' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

நீ வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம் பத்து மாதம் ஆகிறது. சமாதானம் பேச எழுதவில்லை. க்ளப் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்து, உன் அண்ணன் பத்து வருஷமாகக் குறித்துவைத்த நீச்சல் பிள்ளைகளின் நேரக் கணக்கை ஒரு மத்தியானத்தில் அழித்தாய். அவர் எல்லோர் முன்னாலும், "இவன் தொட்டது எதுவும் துலங்காது"ன்னு சொன்னார். அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, நீயும் மறக்கவில்லை. நடுவில் எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. இந்தப் பெட்டி உன்னிடம் வருவது அவருக்குத் தெரியாது. போனில் பேசினால் அவர் காதில் விழும், ஆபீஸ் மெயிலை மூன்று பேர் படிப்பார்கள். அதனால் கடிதம். பதிலை ஆபீஸ் முகவரிக்கு என் பெயர் போட்டு அனுப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப்பில் பெரிய கட்டட மாடல் ஒன்றை ஓடவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஃபேன் அலறுகிறது. அடிப்பக்கம் கை வைக்க முடியவில்லை. பிறகு நீலத் திரை, எல்லாம் போச்சு. காலையில் பரம சாது, மத்தியானம் ஆனால் பேய் பிடித்துக்கொள்கிறது. இங்கே ஒருவரிடம் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்காமல், "ஆறு வருஷ மெஷின் மேடம், புதுசு வாங்கிடுங்க"ன்னார். இந்தப் பீம் எவ்வளவு தடிமன், இந்தத் தூண் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்து வைக்கிறவள் நான். திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவனை எனக்குப் பிடிக்காது.

சுத்தம் செய். முடிந்தால் மெமரியை இன்னும் கூட்டு. போன தடவை நீ இரண்டு மடங்காக்கிக் கொடுத்த பிறகு குதிரையாக ஓடியது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அண்ணி

பிப்ரவரி 8

அண்ணி,

கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், சத்தியமாக. அப்போது கையில் திருப்புளி இருந்தது என்பது வேறு விஷயம்.

அடி மூடியில் பதினான்கு ஸ்க்ரூ. திறந்தால் உள்ளே ஃபேனுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது, ஒரே துண்டாக உரித்து எடுத்தேன். ப்ராசஸர் மேல் பூசியிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினேன். ஒரு ஃபேன் தள்ளாடியது, மாற்றினேன். முன்பு நூறு டிகிரியைத் தொட்டது இப்போது எழுபத்தெட்டைத் தாண்டவில்லை. இதோடு கட்டி அனுப்பியிருக்கலாம்.

வழக்கத்துக்காக மெமரி டெஸ்ட் போட்டேன். மூன்று மணி நேரம், ஒரு தப்பும் இல்லை. ஆனால் காலையில் சாது, மத்தியானம் பேய் என்று நீங்கள் எழுதியிருந்தது தலைக்குள்ளேயே சுற்றியது. அதனால் காற்று போகிற வழியை அட்டை வைத்து அடைத்தேன். மெஷின் நன்றாகச் சுடட்டும் என்று விட்டுத் திரும்ப டெஸ்ட் போட்டேன். நாலாவது சுற்றில் திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தது. ஆறவிட்டால் இல்லை. சுடவைத்தால் அதே இடத்தில், அதே வரி.

ஒரு மெமரி ஸ்டிக் கெட்டிருக்கிறது. நல்லதாகத் தேடி மாற்றி அனுப்புகிறேன், ஒரு வாரம் பொறுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும், சும்மாதான். இந்த இரண்டு வருஷத்தில் இந்த மெஷினில் என்னென்ன கணக்குப் போட்டீர்கள்? வீடு மாதிரிச் சின்ன வேலைகள்தானே? ஆள் கூட்டமாக நிற்கிற இடம் எதுவும் இல்லையே?

அண்ணன் நன்றாக இருக்கிறாரா?

தம்பி

பிப்ரவரி 17

தம்பி,

மெஷின் வந்து சேர்ந்தது. சத்தமே இல்லை. மூன்று மணி நேர மாடல் ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. இதற்கு நன்றி.

இப்போது உன் கேள்வி. 'சும்மாதான்' என்று நீ எழுதினால் அது சும்மா இல்லை. நீ சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, "அண்ணி, ரேடியோ இல்லாமலும் இருக்கலாம் இல்ல?"ன்னு கேட்டவன். அந்தக் குரல் இந்தக் கடிதத்திலும் கேட்கிறது. சுற்றி வளைத்து மூக்கைத் தொடாதே.

பதினொரு வேலை செய்திருக்கிறேன். அதில் பெரியது க்ளப்பின் புது நீச்சல்குளத்துக் கூரை. இரும்பு பீம், மேலே தண்ணீர் சூடாக்குகிற டேங்குகள். திறந்து ஒன்பது மாதம் ஆகிறது. அதன் கீழேதான் உன் அண்ணன் தினமும் சாயங்காலம் நாற்பது பிள்ளைகளை நீந்தவைக்கிறார்.

ஏன் கேட்டாய்? நேராகச் சொல்.

அண்ணி

பிப்ரவரி 20

அண்ணி,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

உங்கள் மெஷின் சாதாரண லேப்டாப் இல்லை. அதோடு வந்த மெமரி ஸ்டிக்கில், மற்றதில் எட்டு கறுப்புச் சிப் இருக்கிற இடத்தில் ஒன்பது இருக்கும். அந்த ஒன்பதாவதுக்கு வேறு வேலை கிடையாது. மற்ற எட்டும் சொல்வது சரியா என்று பார்க்கும். ஒரு எண் மாறினால் அதுவே திருத்தும், திருத்தியதைக் குறித்தும் வைக்கும். உங்களை மாதிரிக் கணக்குப் போடுகிறவர்களுக்காகத்தான் அந்த மெஷினையே அப்படிச் செய்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அதை நான்தான் கழற்றினேன். உங்கள் மாடல் பெரிதாகிவிட்டது, மெமரி போதவில்லை என்றீர்கள். ஒன்பது சிப் ஸ்டிக் பெரிய அளவில் கிடைக்கவில்லை. எட்டு சிப் ஸ்டிக் இரண்டு மடங்கு அளவில் கையிலேயே இருந்தது. மெஷின் இரண்டையும் ஏற்கும். போட்டேன், ஓடியது. நீங்கள், "இதையும் அதையும் மாத்தினா ஒண்ணும் ஆகாதே?"ன்னு கேட்டீர்கள். "வீட்டுக்கு எதுக்கு அண்ணி வாட்ச்மேன்"னு சிரித்துக்கொண்டே சொன்னேன். நான் சொன்னது எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

நீலத் திரை வந்தால் பயமில்லை. அது தெரிந்து விழுகிற அடி. கெட்ட மெமரி எல்லாத் தடவையும் நீலத் திரை காட்டாது. சில சமயம் ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வேலையைத் தொடரும். அது எப்போது கெட ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. குறித்துவைக்கிற சிப்பைத்தான் நான் பிடுங்கிவிட்டேனே.

இப்போது ஒன்பது சிப் ஸ்டிக்தான் போட்டிருக்கிறேன், நாலு கடை அலைந்து வாங்கியது. நீச்சல்குளம் என்று படித்ததிலிருந்து வேலையில் கை ஓடவில்லை. அந்தக் கூரைக் கணக்கைத் திரும்பப் போடுங்கள் அண்ணி. உடனே.

தம்பி

பிப்ரவரி 23

உன் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் நின்று படித்தேன்.

ஒன்றும் ஆகாதே என்று உன்னைக் கேட்டேன் இல்லையா? தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சின்ன மெமரியோடு மல்லுக்கட்டியிருப்பேன். உன் அண்ணன் சொன்னது கொடுமை என்று இத்தனை நாள் உனக்காகச் சண்டை போட்டவள் நான். அன்றைக்கு அழிந்தது பிள்ளைகளின் நேரக் குறிப்பு. இன்றைக்கு நீ கை வைத்திருப்பது பிள்ளைகளின் தலைமேல்.

கூரை ஃபைலைத் திறந்து புது மெமரியில் இரண்டு தடவை ஓடவிட்டேன். பழைய விடையோடு ஒரு புள்ளி பிசகாமல் ஒத்துப்போகிறது. எல்லா பீமும் பாஸ். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன், பக்கத்து சீட்டுக்காரர் தலைவலி மாத்திரை கொடுத்தார்.

ஆக, தப்பித்தோம். உன் அண்ணனிடம் இதைப் பற்றி நீ மூச்சுவிடக் கூடாது. உன் நம்பரை என் போனில் தடுத்துவிட்டேன். கொஞ்ச நாளைக்கு எனக்கு உன் குரல் வேண்டாம்.

அண்ணி

பிப்ரவரி 25

அண்ணி,

பதினொரு தடவை போன் அடித்தேன். ஆபீஸுக்கு அடித்தால் நீங்கள் இல்லை என்றார்கள். கடைசியில் அண்ணனுக்கே அடித்தேன். "அண்ணா, குளத்துல பிள்ளைங்கள..."ன்னு தொடங்கும்போதே வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. இந்தக் கடிதம் இன்றைக்கே உங்கள் கையில் சேர வேண்டும் என்று கூரியர்காரரின் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொடுக்கிறேன். அவர் நீங்கள் கையெழுத்துப் போடும்வரை நகரமாட்டார்.

அதே விடை வந்ததால் தப்பித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை அண்ணி. நீங்கள் திறந்த ஃபைல் கெட்ட மெமரி வழியாகப் போய்ச் சேமிக்கப்பட்ட ஃபைல். உள்ளே ஓர் எண் அப்போதே மாறியிருந்தால், மாறிய எண்ணோடுதான் தூங்கிக்கொண்டிருக்கும். புது மெமரி அந்தத் தப்பான எண்ணை ரொம்பச் சரியாகக் கணக்குப் போட்டு, அதே விடையைத்தான் கொடுக்கும்.

காகிதத்தைத் தேடுங்கள். மெஷினுக்குள் போகாத காகிதம். கூரை வரைபடம், டேங்குக்காரர் கொடுத்த எடைத் தாள், உங்கள் கைப்பட எழுதிய நோட்டு. ஃபைலில் இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் அதோடு ஒத்துப்பாருங்கள்.

அதுவரை யாரையும் அந்தக் குளத்தில் இறங்க விடாதீர்கள். என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அப்படியே இருந்துவிட்டால் கோயில் கட்டிக் கும்பிடுகிறேன்.

தம்பி

மார்ச் 1

தம்பி,

கூரியர்காரர் நகரவே இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, "படிச்சிடுங்க மேடம், அவர் அழுதாரு"ன்னு சொல்லிவிட்டுப் போனார்.

நோட்டை எடுத்தேன். ஆயிரத்துச் சொச்சம் எண். பென்சிலை வைத்துக்கொண்டு ஒன்றொன்றாக டிக் போட்டேன். எழுநூறு தாண்டியதும் மனசு கொஞ்சம் ஆறியது. எழுநூற்று நாற்பத்து இரண்டாவது எண், டேங்குகளுக்கு அடியில் இருக்கிற பீம். நோட்டில் அதன் மேல் சுமை ஆறு. ஃபைலில் மூன்று.

அறுபது என்று இருந்தால் எவர் கண்ணிலும் பட்டிருக்கும். மூன்று கண்ணில் பட நியாயமில்லை. பக்கத்து பீம்களிலும் மூன்றுதான், வரிசையில் பதவிசாக உட்கார்ந்திருக்கிறது. அந்த மூன்றை நம்பி ஒரு சைஸ் மெலிசான இரும்பைப் போடச் சொல்லிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

அப்போது மணி சரியாக நாலேகால். வகுப்பு நாலுக்கு. உன் அண்ணன் போனைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இருப்பார், க்ளப் ஆபீஸ் அறையிலும் யாரும் எடுக்கவில்லை. மட்டம் பார்க்கிற லேசர் லெவலைக் காரில் போட்டுக்கொண்டு ஓடினேன். எட்டு நிமிட வழி, ஒவ்வொரு சிக்னலிலும் க்ளப்புக்குத் திரும்ப அடித்துப் பார்த்தேன்.

அவர் விசிலோடு கரையில் நின்றார். பிள்ளைகளை வெளியே எடுங்கள் என்றேன். "யார் சொன்னது?"ன்னு கேட்டார். பொய் வரவில்லை. உன் பேரைச் சொன்னேன். "அவன் பேச்சைக் கேட்டு நான் க்ளாஸை நிறுத்தணுமா? அவன் தொட்டதுதானே கெட்டுது?" என்றார். பேசிப் பயனில்லை என்று லெவலை நிறுத்தினேன். அளவுக்கோலை அவர் கையிலேயே கொடுத்து பீமுக்கு அடியில் பிடிக்கச் சொன்னேன். பதினான்கு மில்லிமீட்டர்வரை தொய்யலாம், கணக்கு அவ்வளவுதான் அனுமதித்தது. அவரே படித்தார்: "முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணுன்னா என்ன அர்த்தம்?"

"எல்லாரையும் வெளிய எடுக்கணும்னு அர்த்தம்."

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அந்த பீமுக்கு நேர் கீழேதான் காலடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர் விசில் ஊதவில்லை. சத்தம் போட்டால் பதறி ஒருவர் மேல் ஒருவர் ஏறுவார்கள் என்று, தண்ணீரில் இறங்கி ஒவ்வொருவர் தோளையும் தொட்டு வெளியே அனுப்பினார். நான் வாசலில் நின்று எண்ணினேன். முப்பத்தொன்பது வந்தது. திரும்ப எண்ணினேன், முப்பத்தொன்பதுதான். அவர் திரும்ப உள்ளே போனார். அந்த பீமின் முனையில் போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். உடை மாற்றும் அறையில் ஒரு பெண்பிள்ளை தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிவந்தார். நாற்பது.

டேங்குகளைக் காலி செய்தோம். தண்ணீர் இறங்க இறங்க பீம் பன்னிரண்டு மில்லிமீட்டர் மேலே வந்தது. இப்போது முட்டுக் கொடுத்து நிற்கிறது, குளம் பூட்டிக் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணன், "அன்னிக்கு இதுக்குத்தான் போன் அடிச்சானா?"ன்னு மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆனால் ஒன்று, தம்பி. மூன்று என்பது பக்கத்து பீமின் எண். நானே வரிசை தவறித் தட்டியிருக்கலாம். உன் மெமரி மாற்றியதா, என் விரல் மாற்றியதா? நான் ரிப்போர்ட் எழுதியாக வேண்டும். உன் மெமரியாக இருக்கக்கூடாதா என்று மனசு கெஞ்சுகிறது. அப்படி நினைப்பதற்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணி

மார்ச் 4

அண்ணி,

கவலையை விடுங்கள். கண்டுபிடித்துவிட்டேன்.

அன்றைக்கு மெமரியோடு டிஸ்க்கையும் பெரிதாக மாற்றினேன் இல்லையா, அந்தப் பழைய டிஸ்க் என் டிராயரில் கிடந்தது. இன்று அதைச் சொருகிப் பார்த்தேன். கூரை ஃபைல் அதில் இருக்கிறது. அந்த பீமுக்கு நேரே ஆறு என்றே இருக்கிறது. நீங்கள் சரியாகத்தான் தட்டியிருக்கிறீர்கள். ஆறு பாதியாகி மூன்று ஆவது மெமரியில் ஒரே ஒரு இடம் புரண்டால் நடக்கக்கூடியதுதான். மனுஷக் கை இவ்வளவு சுத்தமாகத் தப்புப் பண்ணாது.

ரிப்போர்ட்டில் என் பெயரையும் என் ரிப்பேர் கடையின் பெயரையும் போட்டுவிடுங்கள். மெமரியை மாற்றியது நான், ஒன்றும் ஆகாது என்று சொன்னதும் நான். உங்கள் கையெழுத்துக்கு மரியாதை இருக்க வேண்டும். என்னிடம் இனிமேல் கெட என்ன பெயர் இருக்கிறது, அண்ணன் ஏற்கெனவே வைத்ததுதானே.

டிஸ்க்கை அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். பார்த்து முடித்ததும் அது செத்துப்போய்விட்டது.

தம்பி

மார்ச் 7

தம்பி,

பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லக் கூடாது. கூரை வேலை எனக்கு வந்ததே நீ டிஸ்க்கை மாற்றி மூன்று மாதம் கழித்து. பிறக்காத பிள்ளைக்கு நீ ஜாதகம் பார்த்திருக்கிறாய். கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பொய் சொல்றான்"ன்னார். "தெரியும்"னேன். மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை.

ரிப்போர்ட்டை இன்று காலை கொடுத்துவிட்டேன். ஓர் எண் பாதியாகப் பதிவாகியிருக்கிறது, காரணம் கண்டுபிடிக்க முடியாது என்று எழுதினேன். சரிபார்க்கிற மெமரி கழற்றப்பட்டிருந்தது, எனக்குத் தெரிந்தே கழற்றப்பட்டது என்றும் எழுதினேன். காகிதத்தோடு ஒத்துப்பார்க்காமல் கையெழுத்து வைத்தது நான். விரலா மெமரியா என்பது நம் இருவருக்கும் கடைசிவரை தெரியப்போவதில்லை, அதோடுதான் இருந்தாக வேண்டும். என் லைசன்ஸ் நிற்குமா என்று அடுத்த மாதம் சொல்வார்கள்.

அதற்குள் மற்ற பத்து வேலையையும் ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு கிடங்கு, மூன்று வீடு, ஒரு பள்ளிக்கூட மாடிப்படி, இன்னும் நாலு. எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கிடங்குக்காரர் கத்தினார். பள்ளிக்கூடத்து அம்மா உடனே படியைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு, "சீக்கிரம் பாருங்க"ன்னு மட்டும் சொன்னார். அதுதான் அதிகமாகப் பயமுறுத்துகிறது. ஒரே ஆளாக நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தால் கண் பழகிவிடுகிறது, இருக்க வேண்டியதையே இருப்பதாகப் படிக்கிறது. ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க வேண்டும்.

பத்தாவது வேலை உனக்குத் தெரியாது. நீ போன ஏழாம் மாதம் வீட்டு மாடியில் ஓர் அறை போட்டோம். ஜன்னல் ஓரமாக நீளமாய் ஒரு மேஜை, எட்டு பிளக் பாயின்ட். யாருக்கு என்று உன் அண்ணன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீச்சல் சொல்லித்தருகிறவருக்கு எட்டு பிளக் பாயின்ட் எதற்கு? அதன் கணக்கும் இதே மெஷினில்தான் போட்டேன். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பி வா. நான் நோட்டைப் படிக்கிறேன், நீ திரையைப் பார். பள்ளிக்கூடத்துப் படி முதலில், அடுத்தது உன் அறை. அது சரியென்று தெரியும்வரை உனக்குக் கூடத்தில்தான் படுக்கை.

அண்ணி